நின்று நின்று போகும் பயணம்

நடுரோட்டில் கார் நின்றுவிட்டால் அடுத்து என்ன நடக்கும் என்று நமக்கெல்லாம் தெரியும். பானெட்டைத் திறப்போம். டீக்கடையிலிருந்து நாலு பேர் எழுந்து வருவார்கள். ஒருவர் பேட்டரி என்பார், இன்னொருவர் பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்பார். கடைசியில் எல்லோருமாகச் சேர்ந்து தள்ளுவார்கள். இந்த அவதிக்காகவே பணம் கட்டி, மாதக்கணக்கில் தயாராகி, நவம்பர் குளிரில் விடியுமுன் வந்து வரிசையில் நிற்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். லண்டன் ஹைட் பார்க்கிலிருந்து பிரைட்டன் கடற்கரை வரை சுமார் 60 மைல் ஓட்டம். 1905 ஜனவரி 1-க்கு முன் செய்த வண்டிகளுக்கு மட்டுமே இடம். மாலை நாலரைக்குள் போய்ச் சேர்ந்தால் ஒரு பதக்கம் உண்டு. முதலிடம், இரண்டாமிடம் என்றெல்லாம் கிடையாது. யார் முந்துகிறார் என்பதைவிட யார் வண்டி எங்கே படுத்துவிட்டது என்பதில்தான் வேடிக்கை பார்ப்பவர்களுக்கு ருசி.

பழைய காரில் ஊர் போவது, வழியில் அது மக்கர் செய்வது, கையில் கிடைத்ததை வைத்துச் சரிக்கட்டி மறுபடி கிளம்புவது. இந்த மூன்றும் சேர்ந்து ஒரு பொழுதுபோக்கானது எப்படி? முதல் தடவை நடந்தபோது அது ஒரு குடும்பத்தின் பிழைப்புப் பிரச்சினையாக இருந்தது.

1888 ஆகஸ்ட். ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை வாங்கி இரண்டரை வருடம் ஆகியிருந்தது. வண்டியை வாங்கத்தான் ஆள் இல்லை. அந்தத் தொழிலைக் காப்பாற்ற மனைவி பெர்த்தாவின் சீதனப் பணம் கல்யாணத்துக்கு முன்பே போயிருந்தது. பெர்த்தா பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் அதிகாலை, கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களையும் கூட்டிக்கொண்டு அந்த வண்டியில் ஃபோர்ட்ஸ்ஹைமிலிருந்த தாய்வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். தூரம் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதுவரை மோட்டார் வண்டி என்பது பட்டறையைச் சுற்றிச் சோதனை ஓட்டம் போய்த் திரும்புகிற சமாச்சாரம்.

வழியில் நடந்ததாகக் குடும்பத்தார் பிற்காலத்தில் சொன்னவை எந்த மெக்கானிக்குக்கும் புரியும். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது; பெர்த்தா தொப்பியில் குத்தியிருந்த ஊசியை உருவிக் குத்தி எடுத்தார். இக்னிஷன் ஒயர் உரசித் தொல்லை கொடுத்தது. காலுறையை இழுத்துப் பிடிக்கும் எலாஸ்டிக் பட்டையைக் கழற்றி அதன்மேல் சுற்றினார். சங்கிலி நீண்டு தளர்ந்தது. ப்ரூக்ஸாலில் ஒரு கொல்லர் சரிசெய்தார். இறக்கத்தில் மரப் பிரேக் கட்டைகள் தேய்ந்துபோயின. பௌஷ்லாட் கிராமத்தில் செருப்புத் தைக்கிறவர் ஒருவர் அவற்றின்மேல் தோலை வைத்து ஆணி அடித்துக் கொடுத்தார். உலகத்தின் முதல் பிரேக் லைனிங் மாட்டியவர் அவர்தான் என்று சொல்லலாம். பெட்ரோல் பங்க் கிடையாதே? வீஸ்லோக் ஊரின் மருந்துக்கடையில் கறை எடுக்க விற்ற லிக்ரோயின் என்ற திரவத்தை வாங்கி ஊற்றினார்கள். எஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீர் கொதித்து ஆவியாகிக்கொண்டே இருந்ததால், கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் நிறுத்தி நிரப்பினார்கள். மேடு வந்தால் பையன்கள் இறங்கித் தள்ளினார்கள். ஊர் திரும்பியதும் பெர்த்தா கணவரிடம் சொன்ன முதல் திருத்தம், மேட்டுக்கென்று இன்னொரு கியர் வேண்டும் என்பது. கியர் வந்தது.

அந்தப் பயணம் நல்ல விளம்பரமாக அமைந்தது என்று எல்லாப் புத்தகமும் எழுதுகிறது. என்னைக் கேட்டால், வண்டி ஓடியதைவிட அது நின்றுபோனதுதான் பெரிய விளம்பரம். எஞ்சினியர் கூட இல்லாமல், கொல்லரையும் செருப்புத் தைக்கிறவரையும் வைத்தே இதைச் சமாளித்துவிடலாம் என்று ஊர் ஊராகக் காட்டிக்கொண்டு போயிருக்கிறார் அந்த அம்மாள்.

பென்ஸ் வண்டிகளை நிறைய வாங்கியவர் பாரிஸ் வியாபாரி எமில் ரோஜே. விற்கும்போது தன் பெயரையும் அதில் ஒட்டிக்கொண்டார். 1895 நவம்பரில் சிகாகோவில் கொட்டும் பனிக்கு நடுவே நடந்த மோட்டார் பந்தயத்தில் நியூயார்க்கின் மேசி கடை இறக்கிய வண்டியைக்கூட ‘ரோஜே-பென்ஸ்’ என்றுதான் சொன்னார்கள்.

ஆனால் ரோஜேயெல்லாம் ஹாரி லாசனுக்கு முன்னால் குழந்தை. இங்கிலாந்துக்காரரான லாசன் ஒரு காலத்தில் பின்சக்கரத்தைச் சங்கிலியால் சுற்றும் சைக்கிளுக்குக் காப்புரிமை வாங்கியவர். இன்று நாம் மிதிக்கும் சைக்கிளின் முன்னோர்களில் அதுவும் ஒன்று. பிறகு அவருக்குச் சைக்கிளைவிடக் கம்பெனிப் பங்குகள் பிடித்துப்போயின. மோட்டார் காப்புரிமைகளை வளைத்து வாங்கிப் போட்டுவிட்டால், நாட்டில் யார் கார் செய்தாலும் தனக்குக் கப்பம் கட்டவேண்டும் என்பது அவர் கணக்கு. குறுக்கே நின்றது சட்டம். 1865-ஆம் ஆண்டுச் சட்டப்படி தானாக ஓடும் வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் சிவப்புக் கொடி பிடித்து நடக்கவேண்டும். வேகம் ஊருக்குள் மணிக்கு 2 மைல், வெளியே 4 மைல். 1878-ல் கொடியை விட்டுவிட்டார்கள், ஆள் நடப்பது தொடர்ந்தது. 1896 நவம்பர் 14 முதல் அதுவும் வேண்டாம் என்றாயிற்று.

அன்றைக்கே லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ஒரு வெற்றி ஊர்வலம் என்று லாசன் அறிவித்தார். மெட்ரோபோல் ஹோட்டலில் காலை விருந்து. வின்சில்சி பிரபு எழுந்து ஒரு சிவப்புக் கொடியைக் கிழித்தார், எல்லோரும் கைதட்டினார்கள். கொடி கட்டாயமில்லை என்றாகி 18 வருடம் ஆகிவிட்டதை அங்கே யாரும் ஞாபகப்படுத்தவில்லை. வெளியே மழை. ஜெர்மனியிலிருந்து காட்லீப் டைம்லரே வந்திருந்தார். கிளம்பியவை 33, போய்ச் சேர்ந்தவை 17 என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அந்தப் பதினேழிலும் ஒன்றின்மேல் சந்தேகம் உண்டு: ஒரு மின்சார வண்டியை ரயிலில் ஏற்றிக் கொண்டுபோய், பிரைட்டன் நெருங்கியதும் இறக்கி, மேலெல்லாம் சேற்றைப் பூசி ஓட்டி வந்தார்கள் என்று இன்றுவரை கதை ஓடுகிறது. லாசனின் காப்புரிமைக் கோட்டை சில வருடங்களில் இடிந்தது. 1904-ல் மோசடி வழக்கில் அவருக்கு ஓராண்டு கடுங்காவல். உலகத்தின் மிகப் பழைய மோட்டார் விழாவுக்குப் பிள்ளையார்சுழி போட்டவர் இவர்தான்.

விளம்பரம் தேடுகிறவர்களில் அடுத்து வந்தவை பத்திரிகைகள். 1907 தொடக்கத்தில் பாரிஸின் ‘லெ மாத்தான்’ ஒரு சவால் விட்டது: பெக்கிங்கிலிருந்து பாரிஸுக்குக் காரில் வர யார் தயார்? ஜூன் 10-ஆம் தேதி ஐந்து வண்டிகள் கிளம்பின. அவற்றில் காண்டால் என்ற மூன்று சக்கர வண்டி கோபிப் பாலைவனத்தோடு சரி. இத்தாலிய இளவரசர் சிப்பியோனே போர்கேஸேயின் இத்தாலா கார், தந்திக் கம்பத்தைப் பார்த்துக்கொண்டே பாலைவனத்தைக் கடந்தது. கூட வந்த பத்திரிகையாளர் லூயிஜி பார்சினி வழியில் ஒரு தந்தி ஆபீஸில் செய்தி கொடுத்தபோது, அதற்கு எண் 1 என்று போட்டார்களாம்; ஆபீஸ் திறந்து ஆறு வருடத்தில் வந்த முதல் தந்தி அதுதான். சைபீரியாவில் ஒரு மரப்பாலம் முறிந்து கார் பின்பக்கமாக உள்ளே விழுந்தது. உரல் மலைப் பக்கம் மரச்சக்கரம் ஒன்று கழன்று நொறுங்கப் பார்த்தது. அங்கே ஒரு ரஷ்யத் தச்சர், பெரும்பாலும் கோடரியை வைத்தே, புதுச் சக்கரம் செய்து கொடுத்தார். அந்தச் சக்கரத்தோடு இளவரசர் ஆகஸ்ட் 10-ல் பாரிஸ் சேர்ந்தார். அடுத்தவர்கள் வர இன்னும் இருபது நாள் இருந்தது.

எனக்குப் பிடித்தவர் ஜெயித்த இளவரசர் இல்லை, ஷார்ல் கோடார். கையில் காலணா இல்லாமல் ஹாலந்து நாட்டு ஸ்பைக்கர் கார் ஒன்றைக் கேட்டு வாங்கி, உதிரி பாகங்களை விற்றுக் கப்பல் செலவைச் சமாளித்துப் பெக்கிங் போய்ச் சேர்ந்த மனிதர். சைபீரியாவில் மேக்னெட்டோ உயிரை விட்டது. தீப்பொறி கொடுக்கும் அந்தச் சாதனம் இல்லாவிட்டால் வண்டி வெறும் இரும்பு. காரை ரயிலில் ஏற்றி டோம்ஸ்க் நகரின் தொழில்நுட்பக் கல்லூரிக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்துகொண்டு, விட்ட இடத்துக்கே திரும்பி வந்து மறுபடி ஓட்டினார். இத்தனையும் செய்தவரைப் பாரிஸ் எட்டுமுன் மோசடிக் குற்றச்சாட்டில் பிடித்துப்போனார்கள். கடைசித் தூரத்தை வேறொருவர் ஓட்டினார். ஸ்பைக்கர் என்ற பெயரை நினைவில் வையுங்கள். இன்னும் வரும்.

பிறகு கார்கள் நல்லபடியாக ஓட ஆரம்பித்துவிட்டன. அதுதான் இந்தக் கதையின் திருப்பம். பழைய வண்டியைக் கிளப்புவதே ஒரு கலை. இக்னிஷன் நெம்புகோலைப் பின்னுக்குத் தள்ளிவைத்து, முன்னால் போய், ஹேண்டிலைச் செருகவேண்டும். கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கமாக வைக்கவேண்டும். கைப்பிடியைச் சுற்றிப் பிடிக்கக் கூடாது. கீழேயிருந்து மேலே வெடுக்கென்று இழுக்கவேண்டும். மேலிருந்து கீழே அழுத்தக் கூடாது. எஞ்சின் நேரம் தப்பிப் பற்றினால் ஹேண்டில் திருப்பி உதைக்கும். ஒழுங்காகப் பிடித்திருந்தால் அது கையைவிட்டு நழுவிவிடும். சுற்றிப் பிடித்த கட்டைவிரல் என்றால் எலும்பு முறிந்துவிடும். 1912 மாடல் காடிலாக்கில் சார்லஸ் கெட்டரிங் செய்த மின்சார ஸ்டார்ட்டர் வந்ததும் ஹேண்டிலுக்கு மவுசு குறைந்தது. 1927 மே மாதம் ஃபோர்டின் மாடல் டி வரிசையில் 1 கோடியே 50 லட்சமாவது கார் வெளியே வந்தது. கார் இனி அதிசயம் இல்லை. நின்றால்தான் செய்தி.

அதே 1927-ல்தான் லண்டனில் ‘டெய்லி ஸ்கெட்ச்’ பத்திரிகை, ஓட்டைக் கார்களைத் தேடிப் பிடித்து லாசனின் பிரைட்டன் ஓட்டத்தை மறுபடி நடத்தியது. குதிரைக் கொட்டகையிலும் கோழிக் கூண்டுக்குப் பின்னாலும் கிடந்தவையெல்லாம் துடைத்து எடுக்கப்பட்டன. வாசகர்களைச் சிரிக்கவைப்பதுதான் நோக்கம். ஆனால் ஓட்டியவர்களுக்குச் சிரிப்பைத் தாண்டி ஏதோ ஒட்டிக்கொண்டது. 1930-ல் ஓட்டம் முடிந்த கையோடு பிரைட்டனின் ஓல்டு ஷிப் ஹோட்டலில் உட்கார்ந்து பேசிய நண்பர்கள், பழங்கார்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் சாமி டேவிஸ், 1927-ல் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தை ஜெயித்தவர். புதுக் காரில் விரட்டிப் பெயர் வாங்கிய மனிதரை இருபது மைல் வேகத்தில் புகை கக்கும் வண்டி மயக்கிவிட்டது.

யுத்தமும் பெட்ரோல் ரேஷனும் ஓட்டத்தைச் சில வருடம் நிறுத்தின. திரும்பி வந்தபோது அதை உலகமெங்கும் கொண்டுபோனது ஒரு சினிமா. 1953-ல் வந்த ‘ஜெனிவீவ்’. 1904-ஆம் வருடத்து டராக் கார் ஒன்றும் அதன் போட்டியாக ஒரு ஸ்பைக்கரும் பிரைட்டன் போய்த் திரும்பி வருகிற கதை. கோடார் நம்பிய அதே கம்பெனியின் வண்டி. பிரைட்டன் சாலை என்று காட்டியதில் பெரும்பகுதி உண்மையில் பைன்வுட் ஸ்டுடியோவைச் சுற்றியிருந்த கிராமத்து ரோடுகள். கதாநாயகன் ஜான் கிரெக்சனுக்குக் கார் ஓட்டவே தெரியாது. பின்னணியில் மவுத் ஆர்கன் வாசித்த லாரி ஆட்லர் இடதுசாரி என்று அமெரிக்காவில் ஒதுக்கிவைக்கப்பட்டவர், அதனால் அங்கே ஓடிய பிரதியில் அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். ஆஸ்கர் பரிந்துரை வேறொருவர் பெயரில் போயிற்று.

முடிவுதான் அழகு. வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்துக்குச் சில கஜம் இருக்கும்போது டராக் நின்றுவிடுகிறது. பின்னால் வரும் ஸ்பைக்கரின் சக்கரம் டிராம் தண்டவாளத்தில் மாட்டி வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. டராக்கின் பிரேக் நழுவ, வண்டி தானாக உருண்டு பாலத்தில் ஏறி ஜெயித்துவிடுகிறது. நின்றதும் பழுது, ஜெயித்ததும் பழுது.

அந்த டராக் காயலான் கடைச் சாமான்களைச் சேர்த்துக் கட்டிய வண்டி. படம் ஓடியபின் அது நியூசிலாந்து போய், ஆஸ்திரேலியா போய், தொண்ணூறுகளில் இங்கிலாந்து திரும்பி, இப்போது ஹாலந்தின் ஹேக் நகர் லௌமன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதே கூரையின் கீழ் ஸ்பைக்கரும் இருக்கிறது. அதன் வருடம் 1905 என்கிறார்கள். அப்படியானால் இன்றைய விதிப்படி அதற்குப் பிரைட்டன் ஓட்டத்தில் இடமில்லை! இது சின்ன விஷயம் இல்லை. 1904 என்று சான்றிதழ் இருந்தால் ஒரு விலை, ஒரு வருடம் பிந்தினால் வேறு விலை. சங்கத்துக்காரர்கள் எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துத்தான் வயதுச் சான்று கொடுக்கிறார்கள்.

இந்தியாவில் ஓட்டைக் கார்களுக்கு நல்ல வருடம் 1958. ரித்விக் கட்டக்கின் வங்காளப் படம் ‘அஜாந்த்ரிக்’, பிமல் என்ற டாக்ஸி டிரைவரையும் ஜகத்தல் என்று பெயர் வைத்து அவன் கொஞ்சும் பழைய செவ்ரலேயையும் பற்றியது. காரை எடைக்குப் போடும் காட்சியில் கலங்காதவர்கள் குறைவு. அதே வருடம் இந்தியில் ‘சல்தி கா நாம் காடி’. மழை இரவில் மதுபாலாவின் கார் நின்றுபோகிறது, கிஷோர்குமாரின் மெக்கானிக் ஷெட்டுக்கு வருகிறது. பிறகு நடப்பதெல்லாம் அந்தப் பழுதினால்தான். நடுவே ஒரு டப்பா கார் பந்தயமும் உண்டு.

பெர்த்தாவின் கைவைத்தியம் அதற்குள் நாட்டுக்கு நாடு வேஷம் மாறியிருந்தது. இங்கிலாந்தில் ஃபேன் பெல்ட் அறுந்தால் நைலான் காலுறையை முறுக்கிக் கட்டினார்கள். எலாஸ்டிக் பட்டை போன வழியில் காலுறையும் போயிற்று. நம் பக்கத்து லாரி, டாக்ஸி டிரைவர்களின் மருந்துப்பெட்டி சமையலறைதான். ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள்தூள். தண்ணீரோடு சுற்றிவரும் தூள், ஓட்டை வாயில் போய் ஊறி உப்பி அடைத்துக்கொள்ளும். பக்கத்து ஊர் போகிறவரை தாங்கும். பெட்ரோல் டாங்க் கசிந்தால் துணி சோப்பைப் பிசைந்து அப்புவது, காரணம் சோப்பு தண்ணீரில் கரையும், பெட்ரோலில் கரையாது. சித்திரை வெயிலில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி எஞ்சின் திணறினால் பம்பின்மேல் ஈரத்துணி. பழைய அம்பாசிடரும் ஃபியட்டும் ஓட்டியவர்களிடம் கேட்டால் இதைத் தாண்டி இன்னும் பத்து வைத்தியம் சொல்வார்கள்.

1964-ல் டெல்லியில் பழங்கார் ரேலி தொடங்கியது. தொடங்கியது யார்? மறுபடி ஒரு பத்திரிகைதான், ‘ஸ்டேட்ஸ்மன்’. கொஞ்ச வருடத்தில் கல்கத்தாவிலும் நடத்தினார்கள். சமஸ்தானங்களின் அரண்மனைக் கொட்டகைகளிலிருந்து ரோல்ஸ் ராய்ஸ்களைச் சல்லிசாக வாங்கி வெளிநாட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்த வியாபாரிகளுக்குப் போட்டியாக, உள்ளூரிலேயே வைத்துக்கொள்ள ஆசைப்படும் கூட்டம் ஒன்று இதனால் உருவானது. பின்னால் அரசு ஏற்றுமதிக்குத் தடை போட்டது. சென்னையிலும் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் என்று ஆர்வலர்கள் கூடினார்கள். உதிரி பாகத்துக்கு முதலில் புதுப்பேட்டை. அங்கே கிடைக்காததைக் கோயம்புத்தூர்ப் பக்கம் லேத் பட்டறையில் மாதிரி கொடுத்துக் கடைந்து வாங்கவேண்டியதுதான். ‘ஜெனிவீவ்’ படத்து டராக் பிறந்த விதமும் ஏறக்குறைய இதுவே.

1997-ல் பெக்கிங்–பாரிஸ் ஓட்டத்தையும் உயிர்ப்பித்தார்கள். தொண்ணூறுக்கும் மேற்பட்ட பழைய வண்டிகள், இந்த முறை திபெத் ஏறி, நேபாளம் இறங்கி, இந்தியா, பாகிஸ்தான், ஈரான் வழியாகப் போயின. முதலிடம் பெரிய பணக்கார வண்டிக்குப் போகவில்லை. 1942-ஆம் வருடத்து ராணுவ ஜீப் ஒன்று தட்டிக்கொண்டு போனது.

2021 ஜூலையில் மத்திய அரசு இந்த வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. 50 வருடம் தாண்டியிருக்கவேண்டும், மூல உருவத்தைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய். நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துகளை அடுத்து ‘வி.ஏ.’ என்று வரும். தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ கூடாது. ரோட்டில் எடுக்க அனுமதித்திருப்பது கண்காட்சிக்கு, தொழில்நுட்ப ஆய்வுக்கு, ரேலிக்கு, பிறகு பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க. அந்தக் கடைசி இரண்டையும் மறக்காமல் சேர்த்த அதிகாரி வீட்டு ஷெட்டில் ஒரு பழைய வண்டி கட்டாயம் நின்றிருக்கும்.